சட்டம் வேண்டாம் என்றவரின் படம்

இன்று புது வீடு வாங்கும் இளம் தம்பதியர் பலர், சோபா வாங்கும் கடையிலேயே சுவருக்கும் ஒரு படம் வாங்கி வந்து விடுகின்றனர். வெள்ளைப் பின்னணி. குறுக்கும் நெடுக்குமாகக் கறுப்புக் கோடுகள். ஒரு பக்கம் பெரிய சிவப்புக் கட்டம், கீழ் மூலையில் நீலம், இன்னோர் ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள். சுற்றிலும் மெல்லிய கறுப்பு மரச்சட்டம், மேலே கண்ணாடி. சோபாவின் நிறத்தோடு ஒத்துப் போகிறது. விலையும் கையைக் கடிப்பதில்லை. வீட்டுக்கு வரும் பெரியவர்கள், "இதில் என்ன இருக்கிறது? பாலர் பள்ளிப் பிள்ளைகூட வரைந்து விடுமே!" என்று கேட்டால், "இது மாடர்ன் ஆர்ட், மாமா" என்று சொல்லிச் சமாளித்து விடலாம்.

அந்தப் படத்துக்குப் பின்னால் ஒரு மனிதரின் ஐம்பது ஆண்டு உழைப்பு இருக்கிறது. அவர் பெயர் பியட் மொன்ட்ரியான். இன்று உலகெங்கும் அச்சடித்து விற்கப்படும் அந்தக் கட்டங்களை, அவர் வரைந்த காலத்தில் காசு கொடுத்து வாங்கியவர்கள் மிகச் சிலரே. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அவர் பூப்படம் வரைந்து விற்க வேண்டியிருந்தது. அதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. தம் ஓவியத்தை வழக்கமான மரச்சட்டத்துக்குள் அடைக்கக் கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். அவர் எதைக் கழற்றி எறிந்தாரோ, அதைத்தான் இன்றைய கடைகள் முதல் வேலையாக மாட்டி விற்கின்றன.

மரம் கோடான கதை

மொன்ட்ரியான் 1872-ஆம் ஆண்டு நெதர்லாந்தின் அமெர்ஸ்ஃபோர்ட் நகரில் பிறந்தார். தந்தை பள்ளித் தலைமையாசிரியர். ஓவியம் வரையவும் தெரிந்தவர். சிற்றப்பா ஓவியர். பையன் தானும் ஓவியனாகப் போகிறேன் என்றபோது, பிழைப்புக்கு ஒரு வழி இருக்கட்டும் என்று முதலில் ஓவிய ஆசிரியருக்கான சான்றிதழைப் பெற வைத்தார்கள். எல்லா நாட்டுப் பெற்றோரும் ஒரே மாதிரிதான். அதன் பிறகே, 1892-ல், அவர் ஆம்ஸ்டர்டாம் கலைக் கழகத்தில் சேர்ந்தார்.

முதல் இருபது ஆண்டுகளில் அவர் வரைந்தவற்றைப் பார்ப்பவர்கள் இவர்தான் அவரா என்று வியப்பார்கள். காற்றாலை, ஆற்றங்கரை, பண்ணை வீடு, மணல்மேடு, கலங்கரை விளக்கம். எல்லாம் நெதர்லாந்து மண்ணின் காட்சிகள். அவற்றுள் மரங்களை மட்டும் எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தால் அவர் நடந்த பாதை தெரிந்து விடும். 1908-க்கும் 1910-க்கும் இடையில் வரைந்த 'சிவப்பு மரம்' கிளைகள் முறுக்கிக்கொண்டு நிற்கும் உண்மையான மரம். 1911-ல் வரைந்த 'சாம்பல் மரம்' படத்தில் நிறம் வடிந்து, கிளைகளும் அவற்றுக்கு இடைப்பட்ட வெளியும் ஒன்றோடு ஒன்று பின்னிக்கொள்கின்றன. 1912-ல் வரைந்த 'பூத்த ஆப்பிள் மரம்' படத்தில் தலைப்பைச் சொன்னால்தான் மரம் என்று தெரியும். வளைந்த கோடுகள் மட்டுமே மிஞ்சி நிற்கின்றன. அடுத்த சில ஆண்டுகளில் அந்த வளைவும் போய், நேர்க்கோடுகள் மட்டும் நின்றன. பாலர் பள்ளிப் பிள்ளை கட்டம் போடும், உண்மைதான். மரத்திலிருந்து தொடங்கிக் கட்டத்துக்கு வந்து சேர்வதற்கு இவருக்குப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இடையில் அவர் பாரிஸ் போயிருந்தார். பிக்காசோவும் பிராக்கும் பொருளை உடைத்து முகங்களாக அடுக்கிக்கொண்டிருந்த காலம் அது. 1914-ல் தந்தை நோயுற்றதால் ஊர் திரும்பியவர், முதல் உலகப் போர் மூண்டு விட்டதால் 1919 வரை அங்கேயே தங்க நேர்ந்தது. அந்தக் காத்திருப்பில்தான் தியோ வான் டூஸ்பர்க் என்பவரோடு நட்பு ஏற்பட்டது. 1917-ல் வான் டூஸ்பர்க் 'டி ஸ்டைல்' என்ற இதழைத் தொடங்கினார். ஓவியம், கட்டடம், நாற்காலி, எழுத்துரு என எல்லாவற்றையும் நேர்க்கோட்டுக்கும் அடிப்படை நிறங்களுக்கும் கொண்டு வரலாம் என்பது அந்த இதழைச் சூழ்ந்திருந்தவர்களின் நம்பிக்கை. 1920-களின் நடுவில் வான் டூஸ்பர்க் தம் ஓவியத்தில் சாய்வுக் கோட்டை நுழைத்தார். மொன்ட்ரியானுக்குப் பொறுக்கவில்லை. இருவரும் பிரிந்தனர். ஒரு கோடு சாய்ந்ததற்காக நட்பு முறிந்ததா என்று இன்று சிரிக்கலாம். அவர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை.

ஏன் அப்படி? இந்த இடத்தில் சென்னை அடையாறு வருகிறது. 1875-ல் நியூயார்க்கில் தொடங்கிய பிரம்மஞான சபை, 1882-ல் தன் தலைமையகத்தை அடையாற்றுக்கு மாற்றிக்கொண்டது. 1907 முதல் அதன் தலைவராக இருந்தவர் அன்னி பெசன்ட் அம்மையார். அந்தச் சபையின் நெதர்லாந்துக் கிளையில் மொன்ட்ரியான் 1909-ல் உறுப்பினரானார். கண்ணுக்குத் தெரியும் உலகத்துக்குப் பின்னால் மாறாத ஓர் ஒழுங்கு இருக்கிறது, மனிதகுலம் சிறிது சிறிதாக அதை நோக்கி உயர்கிறது என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. நெடுக்குக் கோடு ஆண்மை, குறுக்குக் கோடு பெண்மை. ஒன்று ஆவி, மற்றொன்று பருப்பொருள் என்று தம் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். இரண்டும் செங்கோணத்தில் சந்திக்கும் இடமே சமநிலை. அன்னி பெசன்டும் லெட்பீட்டரும் எழுதிய, எண்ணங்களுக்கு நிறமும் வடிவமும் உண்டு என்று கூறும் நூலை ரஷ்ய ஓவியர் கண்டின்ஸ்கியும் படித்திருந்தார். அரூப ஓவியம் பிறந்த வீட்டின் பல சாளரங்களில் ஒன்று அடையாற்றின் பக்கம் திறந்திருந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

அறையே ஓவியம்

1919-ல் மொன்ட்ரியான் மீண்டும் பாரிஸ் வந்தார். 1920, 1921-ஆம் ஆண்டுகளில்தான் இன்று நாம் கடையில் பார்க்கும் அந்தத் தோற்றம் உருப்பெற்றது. சிவப்பு, மஞ்சள், நீலம்; அவற்றோடு கறுப்பு, வெள்ளை, சாம்பல். வேறு எதுவும் இல்லை. அப்போது அவருக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

வாங்க ஆள் இல்லை. எனவே சாமந்தியும் ரோஜாவும் நீர்வண்ணத்தில் வரைந்து நெதர்லாந்துக்கு அனுப்பினார். அங்கிருந்த நண்பர்கள் அவற்றை விற்றுப் பணம் அனுப்பினர். வீட்டுச் சுவரில் மாட்ட மக்கள் விரும்பியது பூக்களைத்தான். இயற்கையை ஓவியத்திலிருந்து விலக்கி வைப்பதே தம் பணி என்று எழுதிக்கொண்டிருந்தவர், மாத வாடகைக்காக இதழ் இதழாகப் பூ வரைந்தார். 1920-களின் நடுப்பகுதி வரை இந்த இரட்டை வாழ்க்கை நடந்தது.

மோன்பர்னாஸ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், டெபார் தெருவில் 26-ஆம் எண் கட்டடத்தில் அவர் 1921 முதல் 1936 வரை குடியிருந்தார். அந்த அறை பாரிஸ் ஓவியர்களிடையே பெயர் பெற்றது. சுவரெல்லாம் வெள்ளை. அதன் மேல் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக அட்டைச் செவ்வகங்கள் குத்தி வைக்கப்பட்டிருந்தன. அவற்றை இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பார். பூச்சாடி ஒன்றில் செயற்கைத் துலிப் மலர் ஒன்று. அதன் பச்சை இலை கண்ணை உறுத்தியதால் அதற்கும் வெள்ளை பூசி விட்டார்! 1930-ல் அந்த அறைக்கு வந்த அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர் வாயடைத்து நின்றார். இந்த அட்டைகள் அசைந்தால் எப்படி இருக்கும் என்று கேட்டார். தேவையில்லை, என் ஓவியம் ஏற்கெனவே வேகமாகத்தான் இருக்கிறது என்பது போல் மொன்ட்ரியான் பதில் சொல்லி விட்டார். கால்டர் வீடு திரும்பி அரூப ஓவியத்தில் இறங்கினார். பின்னர் காற்றில் அசையும் சிற்பங்களைச் செய்து உலகப் புகழ் அடைந்தார்.

மொன்ட்ரியானின் கனவு ஓவியத்தோடு நிற்கவில்லை. வருங்காலத்தில் வீடும் தெருவும் நகரமுமே சமநிலை பெற்று விடும். அப்போது சுவரில் தனியாக ஓர் ஓவியம் மாட்டும் தேவையே இருக்காது என்று அவர் நம்பினார். மரச்சட்டத்தின் மீது அவருக்கு இருந்த வெறுப்பையும் இதோடு சேர்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். பழைய பொன்முலாம் பூசிய சட்டம் சாளரத்தைப் போன்றது. அதன் வழியே எட்டிப் பார்த்தால் உள்ளே மலையும் ஆறும் தெரியும். மொன்ட்ரியானின் ஓவியத்துக்குள் எட்டிப் பார்க்க எதுவும் இல்லை. அது சுவரில், நம் அறைக்குள், நம்மோடு இருக்கும் ஒரு பொருள். ஆகவே அவர் ஓவியத்தைச் சட்டத்துக்குள் பதிக்காமல், சற்றுப் பெரிய பலகையின் மேல், முன்னால் தூக்கி நிற்குமாறு பொருத்தினார். தாமே மரம் அறுத்து, தாமே வெள்ளை பூசினார். தமக்குத் தெரிந்தவரை ஓவியத்தைச் சட்டத்துக்கு முன்னே கொண்டு வந்த முதல் ஆள் தாம்தான் என்று பிற்காலத்தில் ஒரு கடிதத்திலும் குறிப்பிட்டார்.

இன்னொன்றும் உண்டு. 1920-களின் தொடக்கத்தில் அவர் வரைந்த சில ஓவியங்களில் கறுப்புக் கோடு ஓரம் வரை போகாமல் சிறிது முன்னதாகவே நின்று விடும். அது மறதியால் நேர்ந்ததன்று. கோடு எங்கே நிற்க வேண்டும் என்பதுதான் அவருடைய கணக்கு. அச்சடிப்பவர் ஓரத்தில் அரை சென்டிமீட்டர் வெட்டினாலும், சட்டம் செய்பவர் விளிம்பை மூடினாலும் அந்தக் கணக்கு தொலைந்தது.

சாமி மூலையில் கறுப்புச் சதுரம்

வடிவியல் ஓவியத்தைச் சுவரில் எங்கே மாட்டுவது என்ற கேள்வியை மொன்ட்ரியானுக்கு முன்பே கிளப்பியவர் ஒருவர் உண்டு. காஸிமிர் மலேவிச். 1915 டிசம்பரில் ரஷ்யாவின் பெட்ரோகிராட் நகரில் '0,10' என்ற கண்காட்சி நடந்தது. அதில் அவர் தம் 'கறுப்புச் சதுரம்' ஓவியத்தை மற்ற படங்களோடு வரிசையில் வைக்கவில்லை. இரண்டு சுவர்கள் சேரும் மூலையில், கூரைக்குச் சற்றுக் கீழே மாட்டினார். ரஷ்ய வீடுகளில் அந்த மூலைதான் புனிதர் படம் வைக்கும் இடம், நம் வீட்டுச் சாமி மாடம் போல. சிலர் கொதித்துப் போனார்கள். அந்த ஓவியத்துக்கு அந்த இடமே பாதிப் பொருள்.

ஒரு பக்கம் எண்பது சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான அந்த மூல ஓவியம் இன்று மாஸ்கோ திரெத்யாகோவ் கூடத்தில் உள்ளது. கறுப்பு வண்ணம் முழுக்க வெடித்து, வறண்ட வயல் போல் பாளம் பாளமாகக் காணப்படுகிறது. 2015-ல் கதிர்ப்படம் எடுத்து ஆராய்ந்தபோது கறுப்புக்கு அடியில் வேறு வண்ண ஓவியங்கள் புதைந்திருப்பது தெரிய வந்தது. கடையில் விற்கும் கறுப்புச் சதுரத்தில் வெடிப்பும் இல்லை, புதையலும் இல்லை. கணினியில் ஒரு கட்டம் வரைந்து கறுப்பு நிரப்பி விடுகிறார்கள். அதற்கு மலேவிச் பெயர் எதற்கு?

ஓடிய ஓவியர், ஒட்டிய நாடா

1937-ல் ஜெர்மனியின் நாஜி ஆட்சி மியூனிக் நகரில் 'சீரழிந்த கலை' என்ற பெயரில் கண்காட்சி நடத்தி நவீன ஓவியர்களைக் கேலி செய்தது. அதில் மொன்ட்ரியானின் ஓவியங்களும் இருந்தன. போர் மேகம் சூழ்வதைக் கண்ட அவர் 1938-ல் லண்டன் போனார். அங்கும் குண்டு விழத் தொடங்கியதும், 1940-ல் கப்பலேறி நியூயார்க் சேர்ந்தார். அப்போது வயது 68.

அந்த வயதில் அவருக்கு இளமை திரும்பியது. பூகி-வூகி என்ற துள்ளலிசையில் மயங்கினார். நடனக் கூடங்களுக்குப் போனார். கடையில் விற்ற நிற நாடாக்களை வாங்கித் துணியில் ஒட்டி, பிடிக்காவிட்டால் பிய்த்து, மறுபடி ஒட்டிக் கோடுகளின் இடத்தைத் தேடினார். கறுப்புக் கோடுகள் மறைந்தன. மஞ்சள் கோடுகளில் சிவப்பும் நீலமும் சிறு சதுரங்களாகத் துள்ளின. 'பிராட்வே பூகி வூகி' 1943-ல் முடிந்தது. பிரேசில் சிற்பி மரியா மார்ட்டின்ஸ் 800 டாலருக்கு வாங்கி, பெயர் சொல்லாமல் நியூயார்க் நவீனக் கலை அரும்பொருளகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். அடுத்த ஓவியமான 'விக்டரி பூகி வூகி'யை முடிப்பதற்குள், 1944 பிப்ரவரி முதல் நாள், மொன்ட்ரியான் நிமோனியாவால் இறந்தார். நாடாத் துண்டுகள் ஒட்டியபடியே அந்த ஓவியம் நின்று போயிற்று. 1990-களின் பிற்பகுதியில் நெதர்லாந்து அதனை 80 மில்லியன் கில்டர் கொடுத்து வாங்கித் தாய்நாட்டுக்குக் கொண்டு வந்தது. அவ்வளவு பணமா என்று அந்நாட்டில் பெரிய சர்ச்சையே நடந்தது. இன்று அது தி ஹேக் நகர அரும்பொருளகத்தில் இருக்கிறது.

2022 நவம்பரில் அவருடைய 1930-ஆம் ஆண்டு ஓவியம் ஒன்று நியூயார்க் ஏலத்தில் 51 மில்லியன் டாலருக்குப் போனது. பூப்படம் விற்று வாடகை கட்டியவரின் படம்!

அச்சுக்கூடம் வந்தது

மூல ஓவியம் ஒன்றுதான். அதை எல்லோருடைய வீட்டுக்கும் கொண்டு வந்தது அச்சுத் தொழில். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நான்கு வண்ண ஆஃப்செட் அச்சு மலிவானது. பள்ளிகளும் நூலகங்களும் நல்ல அச்சுப் படங்களைத் தேடி வாங்க உதவியாக, யுனெஸ்கோ நிறுவனமே 1949 முதல் ஓவிய அச்சுகளின் பட்டியல் நூல்களை வெளியிட்டது. அரும்பொருளகக் கடைகள் அஞ்சலட்டையும் சுவர்ப்படமும் விற்கத் தொடங்கின.

அச்சுக்கு இத்தகைய ஓவியம் வசதியானது என்றுதான் தோன்றும். ரெம்பிராண்ட் வரைந்த முகத்தின் நிழலை அச்சில் பிடிப்பது கடினம். நேர்க்கோட்டுக்கும் ஒரே நிறக் கட்டத்துக்கும் என்ன கஷ்டம்? உண்மையில் அச்சு ஏமாற்றுவது இங்கேதான். மொன்ட்ரியானின் வெள்ளை ஒரே வெள்ளை இல்லை. ஒரு கட்டத்தில் தூரிகை குறுக்காக ஓடியிருக்கும், அடுத்த கட்டத்தில் நெடுக்காக ஓடியிருக்கும். ஒரு வெள்ளையில் நீலச் சாயல், மற்றொன்றில் மஞ்சள் சாயல். நேரில் நின்று பார்த்தால் இந்த வேறுபாட்டில்தான் ஓவியம் மூச்சு விடுகிறது. ஆஃப்செட் அச்சில் வெள்ளை என்பது மை படாத காகிதம். சிவப்பு என்பது இரண்டு மைகளின் புள்ளிகள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் புள்ளிகள் தெரியும்.

1965-ல் பாரிஸ் ஆடை வடிவமைப்பாளர் ஈவ் சான் லொரான் இந்தக் கட்டங்களைப் பெண்களின் கவுனில் கொண்டு வந்தார். அதைப் பார்த்து மலிவு விலை நகல்கள் குவிந்தன. 1980-களில் பெர்னார் ஈனோவும் கிரெக் லெமாண்டும் ஓட்டிய பிரெஞ்சு சைக்கிள் குழுவின் சட்டையிலும் அதே கட்டம். ஓவியத்தைப் பார்த்திராதவர்களுக்கும் அந்தத் தோற்றம் பழகிப் போயிற்று. பழகிய பிறகுதான் அது வரவேற்பறைக்குள் தாராளமாக நுழைந்தது. மொன்ட்ரியான் எதிர்பார்த்த வழி இதுவன்று. ஆனால் வீட்டுக்குள் நுழைய வேண்டும் என்ற அவருடைய ஆசை ஒரு விதத்தில் நிறைவேறியது.

எல்லா ஓவியர்களும் அச்சை வெறுத்தார்கள் என்று எண்ணி விடக் கூடாது. ஹங்கேரியில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த விக்டர் வாசரேலி விளம்பர ஓவியராகத் தொழில் தொடங்கியவர். ஒற்றை மூல ஓவியம் பணக்காரர் வீட்டில் அடைந்து கிடப்பதை அவர் விரும்பவில்லை. பல பிரதிகளாகவே கலை மக்களிடம் போக வேண்டும் என்று வாதாடினார், அப்படியே அச்சிட்டும் வெளியிட்டார். சதுரத்துக்குள் சதுரமாக 1950 முதல் இறக்கும் வரை வரைந்துகொண்டேயிருந்த ஜோசப் ஆல்பர்ஸ், 1963-ல் நிறங்களைப் பற்றிய தம் நூலைப் பட்டுத்திரை அச்சுப் படங்களோடு வெளியிட்டார். ஓவியரே மேற்பார்வையிட்டு வெளியிடும் அத்தகைய அச்சு, ஒரு மூலப் படைப்பு. பின்னால் யாரோ புகைப்படம் எடுத்து அடிப்பது நகல். கடையில் இரண்டையும் ஒரே வார்த்தையில் 'பிரிண்ட்' என்று விற்கிறார்கள்.

1991-ல் கலிஃபோர்னியா அச்சுக்கூடம் ஒன்றில் பணியாற்றிய ஜாக் டுகேன், மை தெளிக்கும் கணினி அச்சுக்கு 'ஜிக்ளே' என்ற பிரெஞ்சுப் பெயரைச் சூட்டினார். தெளிப்பது என்பதே அதன் பொருள். பெயர் கம்பீரமாக இருந்ததால் இன்று சாதாரண இங்க்ஜெட் படத்துக்கும் அதை ஒட்டி விடுகிறார்கள். உரிமைச் சட்டமும் வழிவிட்டது. மலேசியச் சட்டப்படி ஓவியர் இறந்து 50 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. 1944-ல் இறந்த மொன்ட்ரியானுக்கும் கண்டின்ஸ்கிக்கும் அது 1994-ஆம் ஆண்டோடு முடிந்தது. 70 ஆண்டு பின்பற்றும் ஐரோப்பிய நாடுகளில் 2014 இறுதியில் முடிந்தது. அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். 1976-ல் இறந்த ஆல்பர்ஸுக்கு மலேசியாவிலேயே 2026 இறுதி வரை உரிமை உண்டு என்பதைக் கடைக்காரர்கள் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

கையளவு தாள், சுவரளவு படம்

கடைகளில் மொன்ட்ரியானுக்குப் போட்டியாக விற்கும் இன்னொரு படம் உண்டு. பன்னிரண்டு கட்டங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் வளையம் வளையமாகப் பல நிறங்கள். பாலர் பள்ளிகளிலும் பல் மருத்துவர் அறைகளிலும் இது காணக் கிடைக்கும். கண்டின்ஸ்கி 1913-ல் வரைந்தது. அவர் அதைக் கண்காட்சி ஓவியமாக வரையவே இல்லை. எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் வைத்தால் எப்படித் தோன்றும் என்று தமக்காகப் போட்டுப் பார்த்த பயிற்சித் தாள் அது. அளவு ஏ4 தாளைவிடச் சற்றே பெரியது, அவ்வளவுதான்.

அந்தத் தாள் பிழைத்ததே பெரிய கதை. 1914-ல் போர் மூண்டதும் ரஷ்யரான கண்டின்ஸ்கி ஜெர்மனியை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அவருடைய வாழ்க்கைத் துணையாக இருந்த ஓவியர் காப்ரியேல் மியூன்டரிடம் படைப்புகள் தங்கி விட்டன. சில ஆண்டுகளில் அவர் வேறு பெண்ணை மணந்துகொண்டார். கைவிடப்பட்ட மியூன்டர் அந்தப் படங்களை எரிக்கவில்லை, விற்றுத் தீர்க்கவும் இல்லை. நாஜிகள் நவீன ஓவியங்களைத் தேடிப் பறிமுதல் செய்த காலத்தில், முர்னாவ் என்ற சிற்றூரில் இருந்த தம் வீட்டின் நிலவறையில் ஒளித்து வைத்தார். கண்டுபிடித்திருந்தால் அவர் கதி என்னவாகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 1957-ல், தமது 80-ஆவது பிறந்தநாளையொட்டி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகளை மியூனிக் நகரின் லென்பாக் மாளிகை அரும்பொருளகத்துக்கு அன்பளிப்பாக வழங்கினார். வளையத் தாளும் அங்கேதான் இருக்கிறது. அதன் அச்சுப் பிரதியை மாட்டியிருக்கும் வீடுகளில் மியூன்டர் என்ற பெயரை அறிந்தவர்கள் எத்தனை பேர்?

'பௌஹவுஸ் 1923' என்று எழுத்துப் பொறித்து வட்டமும் அரைவட்டமுமாக விற்கும் படங்கள் இன்னொரு கூத்து. 1919-ல் ஜெர்மனியின் வைமார் நகரில் தொடங்கி 1933-ல் நாஜி நெருக்கடியால் மூடப்பட்ட அந்தக் கலைப்பள்ளி, 1923-ல் பெரிய கண்காட்சி நடத்தியது உண்மை. ஜூஸ்ட் ஷ்மிட் வடிவமைத்த சிவப்பு, கறுப்பு விளம்பரத் தாள் அதற்குரியது. கடையில் இருக்கும் மற்ற பல படங்கள் அண்மையில் கணினியில் செய்தவை; ஆண்டையும் பெயரையும் மட்டும் மேலே ஒட்டியிருக்கிறார்கள். மொன்ட்ரியான் பெயரிலும் அவர் தொட்டே பார்க்காத கட்டங்கள் உலவுகின்றன. பச்சைக் கட்டமோ சாய்வுக் கோடோ இருந்தால் உடனே சந்தேகப்படலாம்.

தலைகீழாய்த் தொங்கிய 75 ஆண்டு

நகலை மட்டும் குறை சொல்வானேன்? நிபுணர்களுக்கும் சோதனை வந்தது. மொன்ட்ரியான் 1941-ல் நிற நாடாக்களை ஒட்டி உருவாக்கிய 'நியூயார்க் சிட்டி 1' ஜெர்மனியின் டுசல்டார்ஃப் அரும்பொருளகத்தில் 1980 முதல் இருக்கிறது. நெருக்கமான நாடாக்கள் கீழ்ப் பக்கம் இருக்குமாறு அதை மாட்டியிருந்தார்கள். 2022 அக்டோபரில் அதன் காப்பாட்சியர் சுசானே மேயர்-பியூசர் ஒரு செய்தி வெளியிட்டார்: 1944 ஜூன் மாத அமெரிக்க இதழ் ஒன்றில் வந்த மொன்ட்ரியானின் பட்டறைப் புகைப்படத்தில் அதே ஓவியம் நேர் எதிராக, நெருக்கக் கோடுகள் மேலே இருக்க நிற்கிறது. 1945-ல் நியூயார்க்கில் முதன்முதலாகக் காட்டிய நாள் முதல் ஓவியம் தலைகீழாகவே தொங்கியிருக்கிறது! ஓவியத்தில் கையெழுத்து இல்லாததும் குழப்பத்துக்கு ஒரு காரணம்.

இப்போது திருப்பி மாட்டினால் என்ன? நாடாவின் பசை எண்பது ஆண்டில் காய்ந்து விட்டது. கவிழ்த்தால் எடை எதிர்ப்பக்கம் இழுத்து, நாடாக்கள் கழன்று விடும். ஆகவே அப்படியே விடுவது என்று முடிவு செய்தார்கள்.

அச்சுப் பிரதிக்கு அந்தப் பயமில்லை. வீட்டில் வைத்திருப்பவர்கள் தாராளமாகத் திருப்பிப் பார்க்கலாம். வாங்க எண்ணுவோர் முதலில் அளவைக் கேட்க வேண்டும். சூரிச் அரும்பொருளகத்திலுள்ள, நாம் அதிகம் பார்த்துப் பழகிய அந்தப் பெரிய சிவப்புக் கட்ட ஓவியம் ஒரு பக்கம் அரை மீட்டர்கூட இல்லை. அதை மூன்றடிக்குப் பெரிதாக்கினால் கோட்டின் கனமும் மாறி விடும். அடுத்து ஓரம் வெட்டப்பட்டிருக்கிறதா என்று இணையத்தில் அரும்பொருளகப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஓவியத்தின் பெயர், ஆண்டு, மூலம் இருக்கும் இடம் ஆகிய மூன்றும் பின்புறம் அச்சாகியிருந்தால் நல்ல அறிகுறி. நம் ஊர்ப் புழுக்கத்தில் கண்ணாடியோடு ஒட்டி நிற்கும் காகிதத்தில் பூசணம் பூக்கும்; இடைவெளி விட்டு மாட்டச் சொல்வது நலம்.

மொன்ட்ரியான் செய்தது போலவே செய்து பார்க்கவும் வழி உண்டு. சரியான அளவில் அடித்த படத்தைப் பலகையில் ஒட்டி, அதைவிடச் சற்றுப் பெரிய வெள்ளைப் பலகையின் மேல் ஓர் அங்குலம் முன்னே தூக்கிப் பொருத்தித் தரும்படி சட்டம் போடும் கடையில் கேட்கலாம். கண்ணாடியும் சட்டமும் இல்லாததால் செலவும் குறையும். கடைக்காரர்தான், "ஏங்க, ஓரத்துக்கு ஒண்ணுமே போடாமலா கொண்டு போறீங்க?" என்று இரண்டு முறை கேட்பார்.